லீஸ் வீட்டை நீட்டிக்கிறீர்களா? கையெழுத்துக்கு முன் கணக்கு பாருங்கள்!

பதிவு செலவு மாதம் ஆயிரம் ரூபாய். பதியாமல் விட்டால் போவது பல லட்சம்

சென்னை நகரில் மாத வாடகைக்கு பயந்து, நகையை விற்றும் பி.எப். பணத்தை எடுத்தும், மொத்தமாக ஒரு தொகை கொடுத்து "லீசு"க்கு அடுக்குமாடி வீடு பிடிப்பவர்கள் பலர். குடியேறும்போது இவர்கள் நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். சிலர் வக்கீலைக்கூட பார்க்கிறார்கள்.

ஆனால், இரண்டு வருடம் கழித்து அதே லீசை நீட்டிக்கும்போது, யாரும் எதையும் விசாரிப்பது இல்லை. "பழகின வீடுதானே, தெரிஞ்ச மனுஷர்தானே" என்று ஒரு பத்திரத்தாளில் கையெழுத்து வாங்கி, பீரோவில் வைத்து பூட்டிவிடுகிறார்கள்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

அந்த இரண்டு வருடத்தில் வீடு பாங்கியில் அடமானம் போயிருக்கலாம். சொந்தக்காரர் இறந்திருக்கலாம். வீடே கைமாறி இருக்கலாம். குடியிருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் காலையில் கதவில் நோட்டீசு ஒட்டும்போதுதான் தெரியும்.

"ரெண்டு போட்டு குடுங்க, தம்பி"

லீஸ் நீட்டிப்பு பேச்சு எந்த ஏரியாவிலும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கும்:-

"என்ன தம்பி, அடுத்த மாசத்தோட ரெண்டு வருஷம் முடியுதே?"

"ஆமாங்க சார். இன்னும் ரெண்டு வருஷம் இருந்துக்கறோம். பையன் பத்தாவது படிக்கிறான்."

"தாராளமா இருங்க. ஆனா இப்போ இங்கே பன்னெண்டு போகுது. நீங்க குடுத்தது பத்து. இன்னும் ரெண்டு போட்டு குடுத்துடுங்க."

"சரிங்க சார். பத்திரத்தை பதிவு பண்ணிடலாமா?"

"அது எதுக்கு தம்பி வீண் செலவு? உங்க பணம் எங்கே ஓடிப்போகும்? நான் இங்கேதானே இருக்கேன்!"

பேச்சு முடிந்தது. தம்பி 2 லட்சத்துக்கு அலையப் போய்விடுவார். "வீண் செலவு" என்று சொன்னாரே, அது எவ்வளவு என்று மட்டும் யாரும் கேட்பது இல்லை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இனாம் வீடு அல்ல

முதலில் ஒன்று. லீஸ் வீட்டில் "வாடகையே இல்லை" என்று நினைக்கிறோம். அது தவறு. உங்கள் பணத்துக்கு வரவேண்டிய வட்டிதான் வாடகை.

10 லட்சம் உங்கள் சொந்த பணம். பாங்கியில் போட்டால் 7 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 70,000 ரூபாய். மாதத்துக்கு சுமார் 5,833 ரூபாய். கூடுதலாக கேட்கும் 2 லட்சத்தை நகை அடகு வைத்து 12 சதவீத வட்டிக்கு வாங்கினால், மாதம் 2,000 ரூபாய். இரண்டும் சேர்த்து மாதம் 7,833 ரூபாய். இதற்கு மேல் அசோசியேஷன் மெயின்டனன்ஸ் கட்டணம்.

அதே கட்டிடத்தில் அதே மாதிரி வீட்டுக்கு வாடகை 15,000 ரூபாய் என்றால் உங்களுக்கு லாபம். 10,000 ரூபாய்தான் என்றால் லாபம் ஒன்றும் பெரிதாக இல்லை. பல லட்சத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு கவலைப்படுவதுதான் மிச்சம்.

ஆபீசில் வேலை பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய வரி முறையில் வாடகைப்படிக்கு சலுகை வேண்டும் என்றால், வாடகை கொடுத்திருக்க வேண்டும். லீசுக்கு இருப்பவர் வாடகை கொடுப்பது இல்லை. ஆகவே ரசீதும் இல்லை, சலுகையும் இல்லை.

11 மாத மர்மம்

"எல்லாரும் 11 மாசத்துக்குத்தானே எழுதறாங்க?" என்று கேட்பீர்கள்.

காரணம் இதுதான். 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டப்படி, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீஸ் பத்திரத்தை கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். 11 மாதம் என்று எழுதினால் பதிவு வேண்டாம். செலவு மிச்சம். அதனால்தான் 11 மாதம்!

மாத வாடகைக்கு இருந்து இரண்டு, மூன்று மாத அட்வான்ஸ் கொடுத்தவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. 12 லட்சத்தை கொடுத்தவருக்கு இது பெரிய விஷயம். 11 மாதம் என்று எழுதினால், உங்கள் உரிமையும் 11 மாதம்தான். இரண்டு வருடம் என்று எழுதி பதியாமல் விட்டாலோ, அந்த இரண்டு வருடத்தை நிலைநாட்ட பத்திரம் கோர்ட்டில் உதவாது. நோட்டரி முத்திரை குத்தினால் அது பதிவு ஆகிவிடாது. இதை பலர் புரிந்துகொள்வது இல்லை.

மாத வாடகை ஒப்பந்தங்களுக்கு 2017-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் புதுச் சட்டம் வந்தது. 2019 பிப்ரவரி 22-ந்தேதி அது அமலுக்கு வந்தது. அதன்படி வாடகை அதிகாரியிடம் ஒப்பந்தத்தை பதிந்து எண் வாங்க வேண்டும். அது வேறு, சார்பதிவாளர் அலுவலக பதிவு வேறு. வாடகை அதிகாரி தரும் எண் வில்லங்க சான்றில் ஏறாது.

அந்த "வீண் செலவு" எவ்வளவு?

இப்போது பதிவு செலவுக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் 30 வருடத்துக்கு உட்பட்ட லீஸ் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம். பதிவுக்கட்டணம் 1 சதவீதம். அதுவும் 20,000 ரூபாய்க்கு மேல் போகாது. அட்வான்ஸ் தொகையோடு, வாடகை ஏதாவது உண்டு என்றால் லீஸ் காலம் முழுவதற்குமான வாடகையையும் கூட்டித்தான் இந்த கணக்கு.

மேலே சொன்ன தம்பியின் கணக்கை பார்ப்போம். புதுப் பத்திரத்தில் 12 லட்சம் என்று எழுதினால்:-

முத்திரைத்தீர்வை - 12,000 ரூபாய்.

பதிவுக்கட்டணம் - 12,000 ரூபாய்.

மொத்தம் - 24,000 ரூபாய்.

பத்திர எழுத்தர் கூலியும் சில்லரை கட்டணங்களும் தனி.

24,000 ரூபாய் என்றதும் தலை சுற்றுகிறதா? இரண்டு வருடத்துக்கு வகுத்துப் பாருங்கள். மாதம் 1,000 ரூபாய்! மூன்று வருடத்துக்கு எழுதினால் மாதம் 667 ரூபாய். 12 லட்சத்துக்கு இது காவல் கூலி.

வட்டி கணக்கில் இந்த ஆயிரத்தையும் சேர்த்துத்தான் லீஸ் லாபமா, நஷ்டமா என்று பார்க்க வேண்டும். இதையும் சேர்த்தால் கட்டுப்படியாகவில்லை என்றால், அந்த லீஸே கட்டுப்படியாகவில்லை என்றுதான் அர்த்தம். பதிவை விட்டுவிட்டு லாபம் பார்ப்பது, பூட்டு வாங்கும் காசை மிச்சம் பிடித்து கடை நடத்துவது மாதிரி.

செலவை யார் ஏற்பது? பேசி முடிவு செய்ய வேண்டியதுதான். பாதிக்குப் பாதி கேட்டுப் பாருங்கள். சொந்தக்காரர் மறுத்தால் முழுதையும் நீங்களே கட்டிவிடுங்கள். "முழு செலவும் நான் ஏற்கிறேன், பதிவுக்கு வாங்க" என்ற பிறகும் ஒருவர் வர மறுத்தால், காரணம் செலவு அல்ல. வேறு ஏதோ இருக்கிறது!

லீசா? போக்கியமா?

நம்ம ஊரில் "லீஸ்" என்று சொல்லிக்கொண்டு நடக்கும் பல விவகாரங்கள், உண்மையில் பழைய காலத்து போக்கியம் அல்லது ஒத்திதான். வீட்டை வைத்துக்கொள், பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை என்ற ஏற்பாடு. 1882-ம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் இரண்டுக்கும் தனித்தனி பிரிவுகள் இருக்கின்றன.

லீஸ் என்றால், குறிப்பிட்ட காலம் வரை குடியிருக்கும் உரிமை. போக்கியம் என்றால், கொடுத்த பணத்துக்கு வீடே ஈடு. பணம் திரும்பும் வரை வீட்டை கையில் வைத்துக்கொள்ளலாம். பாதுகாப்பு அதிகம். செலவும் அதிகம். சுவாதீனத்துடன் கூடிய அடமானம் என்று இதற்கு முத்திரைத்தீர்வை 4 சதவீதம், பதிவுக்கட்டணம் 1 சதவீதம். 12 லட்சத்துக்கு 48,000-மும் 12,000-மும் சேர்த்து 60,000 ரூபாய் ஆகும்.

தலைப்பில் "லீஸ்" என்று போட்டுவிட்டு உள்ளே போக்கியமாக எழுதினால், தீர்வை உள்ளே இருப்பதற்குத்தான். ஆகவே பத்திரம் எழுதும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் வாசகத்தை காட்டி கேட்டுக்கொள்வது நல்லது.

பாங்கி பூட்டினால்...

லீஸ்காரர்களுக்கு வரும் பெரிய இடி இதுதான்.

பாங்கியில் வீட்டை வைத்து சொந்தக்காரர் கடன் வாங்குகிறார். தவணை கட்டவில்லை. 2002-ம் ஆண்டு சர்பாசி சட்டப்படி பாங்கி அவருக்கு 60 நாள் நோட்டீசு கொடுக்கிறது. அந்த நோட்டீசு சொந்தக்காரருக்குத்தான் போகும். அவர் உங்களிடம் சொல்வாரா? மாட்டார். 60 நாள் முடிந்ததும் பாங்கி வீட்டை சுவாதீனம் எடுக்கலாம். சென்னையில் தலைமை பெருநகர மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் உத்தரவு வாங்கிக்கொண்டு வந்து பூட்டி சீல் வைக்கலாம்.

"நான் 12 லட்சம் கொடுத்திருக்கிறேன்" என்று கத்தினால் பாங்கி கேட்காது. கடன் மீட்பு தீர்ப்பாயத்துக்கு போகலாம். போனால் அங்கே கேட்கும் முதல் கேள்வி, "பதிவு செய்த பத்திரம் இருக்கிறதா?"

2014-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு இதை தெளிவாக சொல்லிவிட்டது. அடமானத்துக்கு முன்பே முறையாக ஏற்பட்ட லீசுக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் இருக்க உரிமை உண்டு என்று சொல்பவர், பதிவு செய்த பத்திரத்தை காட்ட வேண்டும்.

அடமானத்துக்கு பிறகு ஏற்பட்ட லீஸ் என்றால் நிலைமை இன்னும் மோசம். அடமான பத்திரத்தில் வேறு விதமாக சொல்லாத வரையில், சொந்தக்காரர் அடுக்குமாடி வீட்டை 3 வருடத்துக்கு மேல் லீசுக்கு விட முடியாது. லீசுக்காக தனித்தொகை வாங்கக்கூடாது. வாடகையை முன்கூட்டி வாங்கக்கூடாது. நீட்டிப்பு உறுதியும் எழுதிக் கொடுக்கக்கூடாது. நம்ம ஊர் லீசில் நடப்பது எல்லாம் இதற்கு நேர்மாறு!

இங்கேதான் நீட்டிப்பு விஷயம் முக்கியமாகிறது. முதல் தடவை குடி வரும்போது வீட்டில் கடன் இல்லாமல் இருந்திருக்கலாம். நடுவில் கடன் வந்திருந்தால், நீங்கள் இப்போது எழுதும் புதுப் பத்திரம் அடமானத்துக்கு பிந்தியது ஆகிவிடும். ஆகவே, முதல் தடவை பார்த்ததை எல்லாம் இரண்டாம் தடவையும் பார்க்கத்தான் வேண்டும்.

மூலப்பத்திரம் எங்கே?

பார்க்க வேண்டியது மூன்று.

ஒன்று, வில்லங்க சான்று. பதிவுத்துறையின் இணைய தளத்தில் காசு இல்லாமலே பார்க்கலாம். கடைசி இரண்டு வருடத்தை மட்டும் பார்த்தால் போதாது. முதல் லீசுக்கு முன்பிருந்து, நேற்று வரை பாருங்கள்.

இரண்டு, மூலப்பத்திரம். ஜெராக்ஸ் வேண்டாம், அசலை கண்ணால் பாருங்கள். "லாக்கர்ல இருக்கு" என்று சொன்னால், "பரவாயில்லை சார், எடுத்த பிறகே எழுதிக்கலாம்" என்று சொல்லுங்கள். லாக்கரில் இருந்தால் எடுத்து வருவார். கடனுக்கு பாங்கியில் இருந்தால் வராது!

மூன்று, பாங்கி அடமானங்களை பதிந்துவைக்கும் செர்சாய் என்ற மத்திய பதிவகம். 2011-ம் ஆண்டில் ஏற்பட்டது. சிறு கட்டணம் கட்டி, யாரும் இணையத்தில் தேடலாம்.

வீட்டின் மேல் கடன் இருந்தால் உடனே ஓடிவிட வேண்டும் என்பது இல்லை. பாங்கியின் எழுத்து மூலமான சம்மதத்தை வாங்கித் தரச் சொல்லுங்கள். கூடுதலாக கொடுக்கும் 2 லட்சத்தை கடன் கணக்கிலேயே கட்டி ரசீது வாங்கலாமா என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் மறுத்தால், கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். இருக்கிற பணத்தை வாங்கும் வழியை பாருங்கள்.

நடுவில் நிற்கும் ஆசாமி

சிலர் சொந்தக்காரரை பார்த்ததே கிடையாது. எல்லாம் ஒரு ஏஜெண்டு மூலம்தான். இதில் ஒரு மோசடி உண்டு. ஏஜெண்டு, சொந்தக்காரரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுப்பான். அதையே இன்னொருவருக்கு பல லட்சத்துக்கு லீசுக்கு விடுவான். சில மாதம் ஒழுங்காக வாடகை கட்டுவான். பிறகு ஆள் கம்பி நீட்டிவிடுவான். வாடகை வராததால் சொந்தக்காரர் வந்து கதவை தட்டுவார். "நீங்க யாரு?" என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். சென்னை போலீசில் இப்படி புகார்கள் வந்தது உண்டு.

ஆகவே, நீட்டிப்புக்கு முன் சொந்தக்காரரை நேரில் பாருங்கள். வெளிநாட்டில் இருந்தால் வீடியோவில் பேசுங்கள். ஏஜெண்டிடம் பவர் பத்திரம் இருந்தால், அது பதிவானதா, ரத்தாகாமல் இருக்கிறதா, பணம் வாங்கும் அதிகாரம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் பொதுவாக முடிந்துவிடும்.

சொந்தக்காரர் இறந்திருந்தால், வாரிசு சான்றில் உள்ள எல்லோரும் கையெழுத்து போட வேண்டும். "நான்தான் மூத்த பையன், எல்லாம் நான்தான் பார்க்கறேன்" என்பது போதாது. பணம் திரும்ப வேண்டிய நாளில் தங்கைமார்கள் வந்து, "எங்களுக்கு தெரியவே தெரியாது" என்பார்கள்.

பத்திரத்தில் என்ன இருக்க வேண்டும்?

பழைய பத்திரத்தின் பின்பக்கம் "மேலும் 2 வருடம் நீட்டிக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதி கையெழுத்து போடுவது வழக்கம். அது போதாது. புதுப் பத்திரமே எழுதுங்கள். அதில்:-

ஏற்கனவே வாங்கிய 10 லட்சம், என்ன தேதியில், எப்படி கொடுத்தது என்று எழுத வேண்டும். இப்போது கொடுக்கும் 2 லட்சத்தை தனியாக எழுத வேண்டும். மொத்தம் 12 லட்சம் பெற்றுக்கொண்டதை சொந்தக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

லீஸ் முடியும் தேதி, பணம் திரும்பும் தேதி இரண்டும் இருக்க வேண்டும். பணம் வரும் வரை சாவியை கொடுக்க வேண்டியது இல்லை என்றும் எழுத வேண்டும்.

சொத்து வரி யாருக்கு, மெயின்டனன்ஸ் யாருக்கு, தண்ணீர் குழாய், மோட்டார் ரிப்பேர் யாருக்கு, காலி செய்யும்போது வெள்ளை அடிக்கும் செலவு யாருக்கு என்பதை எல்லாம் எழுதுங்கள். பணம் திரும்பும் நாளில் "பெயிண்டுக்கு முப்பதாயிரம் பிடிச்சுக்கறேன்" என்ற தகராறு வராது.

இரண்டு தரப்பும் கையெழுத்து போட்டு, சாட்சிகளோடு, எழுதிய நாளில் இருந்து நாலு மாதத்துக்குள் பதிய வேண்டும்.

பணத்தை ரொக்கமாக கொடுக்காதீர்கள். 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட டெபாசிட்டை ரொக்கமாக வாங்குவதை வருமான வரி சட்டம் தடுக்கிறது. செக்காகவோ, பாங்கி கணக்கு மூலமாகவோ கொடுத்தால், பிறகு "நான் வாங்கவே இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

"அடுத்த ஆள் வரட்டும்"

லீஸ் பணத்தை பெட்டியில் வைத்திருக்கும் சொந்தக்காரர் அபூர்வம். அவருக்கு மொத்தமாக பணம் தேவைப்பட்டதால்தான் வாடகைக்கு விடாமல் லீசுக்கு விட்டார். மகள் கல்யாணத்துக்கோ, பழைய கடனுக்கோ அது போயிருக்கும். ஆகவே, அடுத்த லீஸ்காரர் கொண்டு வரும் பணம்தான் உங்கள் கைக்கு வரும். "அடுத்த ஆள் வரட்டும், குடுத்துடறேன்" என்று அவர் சொல்வதற்கு இதுதான் காரணம். அதில் பொய் இல்லாமல்கூட இருக்கலாம். ஆனால், மார்க்கெட் விழுந்து, அடுத்த ஆள் 9 லட்சம்தான் தருகிறேன் என்றால் மீதி 3 லட்சத்துக்கு அவர் எங்கே போவார்?

நீட்டிக்கப் போவது இல்லை என்றால், மூன்று மாதம் முன்பே எழுத்து மூலம் சொல்லிவிடுங்கள். ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள். பணம் திரும்ப வேண்டிய நாளில் இருந்து 3 வருடத்துக்குள் வழக்கு போட வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. அதற்குள் சொந்தக்காரர் கடனை ஒப்புக்கொண்டு எழுதி கையெழுத்து போட்டால், அந்த நாளில் இருந்து கெடு புதிதாக தொடங்கும். "தர்றேன், தர்றேன்" என்று வாயால் சொல்வது கணக்கில் சேராது. நாலு வரி எழுதி வாங்குங்கள்.

பெரும்பாலான வீட்டு சொந்தக்காரர்கள் ஏமாற்றும் எண்ணம் உடையவர்கள் அல்ல. ஆனால், நல்லவருக்கும் தொழில் நொடிக்கும். நல்லவரும் ஒரு நாள் இறந்துபோவார். "நான் இங்கேதானே இருக்கேன்" என்பது அவருடைய நல்ல மனசு. உங்கள் பணத்துக்கு அது ஜாமீன் ஆகாது.

லீஸ் முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கும்போதே வில்லங்க சான்றை பாருங்கள். மூலப்பத்திரத்தை கேளுங்கள். மாதம் ஆயிரம் ரூபாய் கணக்கை சொந்தக்காரரிடம் மரியாதையாக எடுத்து சொல்லுங்கள். பதிவுக்கு வந்தால், தைரியமாக கூடுதல் பணத்தை கொடுங்கள். வராவிட்டால், ஒரு ரூபாய்கூட கூட்டிக் கொடுக்காதீர்கள்!